பிரிட்ஜ் இறங்கியும் அடி விழுகிறதா? என்ஸ்னேரிங் பிரிட்ஜுக்கு அறிகுறி வாரியான பழுது பார்ப்பு

மேஜிக்: த கேதரிங் என்ற சீட்டு ஆட்டத்தில் தற்காப்புக்கென்று இருக்கும் கார்டுகளில் என்ஸ்னேரிங் பிரிட்ஜ் அளவுக்குத் தவறாக எடை போடப்படும் கார்டு குறைவு. 1998-ல் ஸ்ட்ராங்ஹோல்டு தொகுப்பில் வந்தது. போட மூன்று மனா (கார்டு ஆடச் செலவிடும் சக்தி), எந்த நிறமும் வேண்டாம், ஆர்ட்டிஃபாக்ட் (கருவி வகைக் கார்டு). அதில் எழுதியிருப்பது ஒரே வரி: உங்கள் கையில் இருக்கும் கார்டுகளின் எண்ணிக்கையைவிட அதிக பவர் (அடியின் அளவு) உள்ள கிரீச்சர்கள் (தாக்கவும் தடுக்கவும் களத்தில் நிற்பவை) தாக்க முடியாது. 2003-ல் எய்த் எடிஷனில் மறுபடி அச்சானதால் மாடர்ன் என்ற போட்டி வகையிலும் செல்லும். லெகசி, கமாண்டர் இரண்டிலும் செல்லும்.

பிரிட்ஜை வைத்து ஆடித் தோற்கிறவர்கள் பெரும்பாலும் கார்டைக் குறை சொல்வார்கள். பழுது கார்டில் இருப்பது அபூர்வம். அந்த வரியில் உள்ள எண் பிரிட்ஜுக்குச் சொந்தமில்லை, உங்கள் கைக்குச் சொந்தம். அதனால் எந்த அறிகுறியானாலும் முதலில் எண்ண வேண்டியது எதிராளியின் தாக்குதல் பொழுதில் உங்கள் கையில் எத்தனை கார்டு இருந்தது என்பதை. அதற்குப் பிறகு கீழே உள்ளதைப் பாருங்கள்.

மூன்றாவது டர்னிலேயே பிரிட்ஜ் இறங்கியது, ஆனாலும் அடி நிற்கவில்லை

இதுதான் அடிக்கடி வரும் புகார். காரணம் வெறும் கூட்டல் கழித்தல்.

நீங்கள் முதலில் ஆடுகிறீர்கள், கையில் 7 கார்டு. முதல் டர்னில் டிரா (டெக்கிலிருந்து கார்டு எடுப்பது) கிடையாது. ஒரு லேண்ட் (மனா தரும் நிலக் கார்டு), ஒரு கார்டு ஆடினால் கையில் 5. அதற்குப் பிறகு ஒவ்வொரு டர்னும் ஒன்று எடுக்கிறீர்கள், ஒரு லேண்ட் போடுகிறீர்கள். இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். கை குறைவது லேண்ட் அல்லாத கார்டு ஆடும்போது மட்டும்தான். டர்னுக்கு ஒன்று என்று ஆடினால் இரண்டாவது டர்ன் முடிவில் 4, மூன்றாவது டர்னில் பிரிட்ஜையே போட்ட பிறகு 3, பிறகு 2, 1, ஆறாவது டர்னில்தான் 0. இரண்டாவதாக ஆடினால் ஏழாவது டர்ன். இதுவும் ஒரு டர்ன்கூட லேண்ட் தவறாமல், ஒரு கார்டுகூட முடங்காமல் இருந்தால் வரும் கணக்கு.

ஆக மூன்றாவது டர்னில் இறங்கிய பிரிட்ஜ் அன்றைக்கு நிறுத்துவது பவர் 4-ம் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டும். 3 பவர் கிரீச்சர் தாராளமாக நுழையும்.

சரி செய்ய வேண்டியது டெக்கில். பூஜ்ய மனா, ஒரு மனா கார்டுகளைக் கூட்டுங்கள். மாக்ஸ் ஓபல் போன்ற பூஜ்ய மனா ஆர்ட்டிஃபாக்ட் இங்கே இரட்டை வேலை செய்யும்: கையிலிருந்து ஒன்று இறங்கும், கூடவே, களத்தில் உங்களுக்கு மூன்று ஆர்ட்டிஃபாக்ட் இருந்தால், அடுத்த கார்டுக்கு மனாவும் தரும். இரண்டாவது ஓபல் வந்தாலும் நஷ்டமில்லை. களத்தில் இருப்பதை மனாவுக்குத் தட்டிவிட்டு (சாய்த்துப் பயன்படுத்திவிட்டு) இரண்டாவதைப் போடுங்கள், லெஜண்ட் விதிப்படி (ஒரே பெயர் லெஜண்டரி கார்டு ஒருவரிடம் ஒன்றுதான் நிற்கலாம்) ஒன்று கிரேவ்யார்டுக்கு, அதாவது கழித்த கார்டுக் குவியலுக்குப் போகும், கை ஒன்று குறையும்.

டிஸ்கார்டு (கையிலிருந்து கார்டு எறிவது) வழியும் உண்டு. லிலியானா ஆஃப் த வெயில் கார்டின் +1 திறன் இரு ஆட்டக்காரர்களையும் ஒவ்வொரு கார்டு எறிய வைக்கும். எதிராளிக்கு வலி, உங்களுக்கு மருந்து. லெகசியில் லயன்ஸ் ஐ டைமண்டு பூஜ்ய மனாவுக்கு இறங்கி, வேண்டிய நேரத்தில் முழுக் கையையும் எறிந்துவிடும். எதிராளியின் டர்னிலும் முடியும் என்பதுதான் அதன் மதிப்பு. பாட்டில்டு கிளாய்ஸ்டர் என்று 4 மனா ஆர்ட்டிஃபாக்ட் ஒன்று 2005-ல் ராவ்னிகா தொகுப்பில் வந்தது. எதிராளியின் அப்கீப் (டர்னின் ஆரம்பப் பகுதி) தொடங்கும்போது உங்கள் கை முழுவதையும் கவிழ்த்து எக்ஸைலில் (ஆட்டத்துக்கு வெளியே ஒதுக்கி) வைக்கும், உங்கள் அப்கீப்பில் திருப்பித் தந்து கூடுதலாக ஒரு கார்டும் தரும். பிரிட்ஜுக்கென்றே செய்தது போலிருக்கும். ஆனால் கார்டுகள் எக்ஸைலில் இருக்கும்போது கிளாய்ஸ்டரை உடைத்தால் அவை திரும்பாது. எதிராளியிடம் ஆர்ட்டிஃபாக்ட் உடைக்கும் கார்டு இருக்கும் என்று தெரிந்தால், முக்கியமான கார்டை அதற்கு முன்பே ஆடிவிடுங்கள்.

மல்லிகனைப் (தொடக்கக் கையைத் திருப்பிவிட்டு மறுபடி எடுப்பதை) பற்றியும் ஒரு வார்த்தை. 2019-ல் வந்த லண்டன் மல்லிகன் முறையில் 7 எடுத்துப் பார்த்துவிட்டு வேண்டாததை அடியில் வைக்கலாம். மற்ற டெக்குகளுக்கு 6 கார்டில் தொடங்குவது இழப்பு. பிரிட்ஜ் டெக்குக்கு அது ஒரு டர்ன் முன்னதாகக் கை காலியாவதும்கூட. பிரிட்ஜும் இல்லாமல் மலிவான கார்டும் இல்லாமல் வந்த 7-ஐத் தயங்காமல் திருப்புங்கள்.

கையில் ஒரே ஒரு கார்டுதான் இருந்தது, ஆனாலும் உயிர் போனது

பவரைப் பார்ப்பது தாக்குதல் அறிவிக்கும் அந்த ஒரு கணத்தில்தான். அதற்குப் பிறகு பவர் எவ்வளவு ஏறினாலும் பிரிட்ஜுக்கு அக்கறை இல்லை.

மொனாஸ்ட்ரி ஸ்விஃப்ட்ஸ்பியரை எடுத்துக்கொள்ளுங்கள். 1/2 (பவர் 1, தாங்கும் அளவு 2), பிரவஸ் உண்டு. அதாவது கிரீச்சர் அல்லாத ஸ்பெல் ஆடும்போதெல்லாம் அந்த டர்னுக்கு +1/+1. உங்கள் கையில் 1. ஸ்விஃப்ட்ஸ்பியரின் பவர் 1. ஒன்றைவிட ஒன்று அதிகமில்லை, எனவே தாக்கலாம். தாக்குதல் அறிவித்த பிறகு எதிராளி மியூட்டஜெனிக் குரோத் ஆடுகிறார்: பிரவஸ் +1, குரோத் +2, பவர் 4. பிறகு லைட்னிங் போல்ட்: பிரவஸ் இன்னொரு +1, பவர் 5, போல்ட் தனியாக 3. மொத்தம் 8. கையில் வைத்திருந்த அந்த ஒரு கார்டுக்கு நீங்கள் கொடுத்த விலை 8 உயிர்ப்புள்ளி. கை 0 என்றால் ஸ்விஃப்ட்ஸ்பியர் தாக்கவே முடியாது, போல்ட்டின் 3 மட்டும்தான் விழும்.

அதனால் கையில் என்ன கார்டு மிச்சம் என்பதைப் பிரித்துப் பாருங்கள். மனாவும் திறந்திருந்து கையில் லைட்னிங் போல்ட் இருந்தால், அது கடன் இல்லை. எதிராளி காம்பாட்டுக்குள் நுழையும்போது, தாக்குதல் அறிவிக்கும் முன் அதை ஆடுங்கள். ஸ்டாக்கில் (நிறைவேறக் காத்திருக்கும் வரிசையில்) ஏறியவுடனே அது கையை விட்டுப் போய்விட்டது, எண்ணிக்கை 0. கையில் கவுண்டர்ஸ்பெல் (எதிராளியின் ஸ்பெல்லை ரத்து செய்வது) இருந்தால் கதை வேறு: எதிராளி ஏதாவது ஸ்பெல் ஆடினால்தான் அதை ஆட முடியும், அவர் சும்மா இருந்தால் அது கையிலேயே கிடக்கும், பவர் 1 நுழையும். லேண்ட் அதைவிட மோசம். எதிராளியின் டர்னில் லேண்ட் போட வழியே இல்லை. ஸ்பெல் என்று ஏமாற்றுவதற்காகக் கையில் லேண்டைப் பிடித்து வைக்கும் பழக்கம் மற்ற டெக்குகளில் நல்ல தந்திரம். பிரிட்ஜ் களத்தில் இருக்கும்போது அதைச் செய்யவே கூடாது.

கை காலி, ஆனாலும் ஏதோ ஒன்று நுழைகிறது

பூஜ்யத்தைவிடப் பூஜ்யம் அதிகமில்லை. 0 பவர் கிரீச்சரைப் பிரிட்ஜ் ஒருபோதும் தடுக்காது.

நோபிள் ஹையரார்க் 0/1. அதற்கு எக்ஸால்ட்டட் உண்டு: தனியாக ஒரு கிரீச்சர் தாக்கினால், தாக்கிய பிறகு அதற்கு +1/+1. எனவே அது தனியாகத் தாக்கி 1 அடி தரும். களத்தில் இரண்டு ஹையரார்க் இருந்து ஒன்று மட்டும் தாக்கினால் 2. சின்ன எண்தான். பூட்டி வைத்த ஆட்டத்தில் பத்து டர்ன் ஓடினால் அதுவே 20.

நிஞ்சுட்ஸு என்ற திறன் இன்னும் ஆபத்து. 0/2 ஆர்னிதாப்டர் பறந்து வருகிறது, தடுக்க ஆளில்லை. அதைக் கையில் எடுத்துக்கொண்டு 5/4 ஃபாலன் ஷினோபியைத் தாக்கும் நிலையிலேயே களத்தில் வைப்பார் எதிராளி. ஷினோபி தாக்குவதாக யாரும் அறிவிக்கவில்லை, அதனால் பிரிட்ஜ் அதைக் கேள்வி கேட்காது. தாக்கும் நிலையில் பிறக்கும் டோக்கன்களுக்கும் (கார்டு இல்லாமல் உருவாகும் கிரீச்சர்களுக்கும்) இதே விதி. கைஸ்ட் ஆஃப் செயின்ட் டிராஃப்ட் 2/2-ஆகத் தாக்கினால் 4/4 ஏஞ்சல் கூடவே வரும். ஏஞ்சலைப் பிரிட்ஜால் நிறுத்த முடியாது. கைஸ்டை நிறுத்தலாம், அதற்கு உங்கள் கை 1 அல்லது 0 ஆக இருக்க வேண்டும்.

மருந்து: எதிராளியின் பக்கம் 0 பவர் கிரீச்சர் எதைக் கண்டாலும், அது எவ்வளவு அற்பமாகத் தெரிந்தாலும், அதை நீக்க ஒரு வழி டெக்கில் இருக்கட்டும். பைரைட் ஸ்பெல்பாம் போதும். அல்லது தடுக்க ஒரு ஆள். ஸ்பெல்ஸ்கைட் 0/4, தரையில் வருவதை நிறுத்தும், பறப்பதை நிறுத்தாது.

காலியாக இருந்த கை தாக்குதலுக்குச் சற்று முன் ஏறிவிட்டது

அனுபவசாலி எதிராளி உங்கள் கையை நிரப்புவார். களத்தில் உள்ள உங்கள் பெர்மனென்ட் ஒன்றைக் காம்பாட்டுக்கு முன் கைக்குத் திருப்பினால் போதும், 1 பவர் கிரீச்சர்களுக்கு வழி திறக்கும்.

பலர் கவனிக்காத ஒன்று தாட்-நாட் சீர். 4/4 எல்ட்ராஸி. வரும்போது உங்கள் கையிலிருந்து ஒரு கார்டை எடுக்கும், களத்தை விட்டுப் போகும்போது உங்களுக்கு ஒரு கார்டு கொடுக்கும். பிரிட்ஜ் அதைப் பிடித்து வைத்திருக்கும்போது எதிராளியின் டர்னில் அதைக் கொன்றால், உங்கள் கையை நீங்களே 1 ஆக்கிவிட்டீர்கள். கொல்ல வேண்டுமென்றால் உங்கள் டர்னில், வந்த கார்டை ஆட மனா மிச்சம் வைத்துக்கொண்டு கொல்லுங்கள். அது சும்மா நிற்கிறது என்றால் நிற்கட்டும்.

மறுபக்கம், எதிராளி தாட்சீஸ் போன்ற டிஸ்கார்டு கார்டுகளை உங்கள் மேல் ஆடினால் அவர் உங்கள் வேலையைச் செய்து கொடுக்கிறார்.

சரியான நேரத்தில் போட்டேன் என்று நினைத்தேன், நடுவர் ஒப்புக்கொள்ளவில்லை

சாதாரணமாகப் பிரிட்ஜை உங்கள் டர்னில்தான் போட முடியும். விர் ஆஃப் இன்வென்ஷன் (டெக்கிலிருந்து ஆர்ட்டிஃபாக்டைத் தேடிக் களத்தில் வைக்கும் ஸ்பெல்) இருந்தால் எதிராளியின் டர்னிலும் களத்துக்குக் கொண்டு வரலாம். அதன் விலையில் X என்ற மாறும் பகுதி பிரிட்ஜுக்கு 3, கூடவே மூன்று நீல மனா. இம்ப்ரவைஸ் என்ற அதன் திறன் மூலம் ஆர்ட்டிஃபாக்டுகளைத் தட்டி X-ஐ மட்டும்தான் கட்டலாம், நீல மனா மூன்றும் உண்மையான மனாவாகவே வர வேண்டும். ஆக நீலம் தரும் மூன்று மூலமும் தட்டாத மூன்று ஆர்ட்டிஃபாக்டும் தேவை.

எதிராளி "காம்பாட்" என்று சொன்னதும் உங்கள் நேரம். அப்போதே சொல்லிவிடுங்கள். கிரீச்சரைச் சாய்த்து "இது தாக்குகிறது" என்ற பிறகு பிரிட்ஜ் வந்தால் அந்தத் தாக்குதலுக்கு அது வெறும் மூன்று மனா ஆர்ட்டிஃபாக்ட். முதன்மைப் பொழுதிலேயே அவசரப்பட்டு ஆடுவதும் நல்லதல்ல. அவருக்குக் காம்பாட்டுக்கு முன் பதில் தேட நேரம் கிடைத்துவிடும்.

பிரிட்ஜை உடைத்துவிட்டு ஒரே அடியில் முடித்துவிடுகிறார்கள்

பூட்டிய கதவுக்குப் பின்னால் எதிராளி படையைச் சேர்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் பூட்டு உடையும். அன்று உயிர் பிழைக்க என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

இரண்டாவது பிரிட்ஜ் வந்தால் போட்டுவிடுங்கள். கையும் குறையும், காப்பும் இரட்டிப்பாகும். ஆனால் எக்கோயிங் ட்ரூத் ஒரே பெயர் உள்ள எல்லாவற்றையும் கைக்குத் திருப்பும்: இரண்டு பிரிட்ஜும் போகும், கையில் 2 ஏறும். மேல்ஸ்ட்ராம் பல்ஸ் ஒரே பெயர் உள்ள எல்லாவற்றையும் அழிக்கும். பல்ஸ் வரும் டெக்குகளுக்கு எதிராக இரண்டாவது பிரிட்ஜை நம்பாமல் வெல்டிங் ஜாரை நம்புங்கள். பூஜ்ய மனா, பலி கொடுத்தால் ஒரு ஆர்ட்டிஃபாக்டை ரீஜெனரேட் செய்யும், அதாவது அழியாமல் காக்கும். உடைப்பதற்கு எதிராக அது போதும். எக்ஸைலுக்கும் கைக்குத் திருப்புவதற்கும் எதிராக உதவாது. டெஃபெரி, டைம் ரேவலரின் -3 அப்படிப்பட்டது. ஆர்ட்டிஃபாக்டைக் குறி வைக்கும் எதையும் ஸ்பெல்ஸ்கைட் தன் மேல் திருப்பிக்கொள்ளும், ஏனென்றால் அதுவும் ஆர்ட்டிஃபாக்ட்தான்.

2022-க்குப் பிறகு பெரிய தலைவலி போசெய்ஜு, ஹூ என்ட்யூர்ஸ். அது லேண்ட், கையிலிருந்தே எறிந்து சேனல் திறனால் பிரிட்ஜை உடைக்கும். ஸ்பெல் இல்லை என்பதால், ஸ்பெல்களை ரத்து செய்யும் சாலிஸ் ஆஃப் த வாய்டும் கவுண்டர்ஸ்பெல்லும் அதைத் தொடாது. ஆனால் அது திறன் என்பதால் ஒரு மனா பித்திங் நீடிலில் போசெய்ஜுவின் பெயரைச் சொன்னால் அடங்கிவிடும். பச்சை டெக்குக்கு எதிராக நீடில் இறங்கும்போது முதல் பெயர் இதுவாகவே இருக்கட்டும்.

சில பயங்கள் வீண். ஆர்ட்டிஃபாக்டுகளின் இயக்கும் திறன்களை முடக்கும் ஸ்டோனி சைலன்ஸ் பிரிட்ஜை நிறுத்தாது. பிரிட்ஜுக்கு இயக்கும் திறன் எதுவும் இல்லை. உகின், த ஸ்பிரிட் டிராகனின் -X நிறமுள்ளவற்றை மட்டும் எடுக்கும், நிறமற்ற பிரிட்ஜ் அப்படியே நிற்கும். கார்ன் லிபரேட்டடின் -3 மட்டும் எதையும் எக்ஸைல் செய்யும், அதற்குப் பயப்படுங்கள்.

எதிராளி தாக்கவில்லை, ஆனால் எனக்கும் ஜெயிக்க வழியில்லை

பிரிட்ஜ் இரு பக்கமும் பூட்டும். கை காலி என்றால் உங்கள் 1 பவர் கோப்ளினும் தாக்க முடியாது. டர்ன்தோறும் 1/1 கோப்ளின்களைப் பிறப்பிக்கும் கோப்ளின் ராபிள்மாஸ்டரும் பிரிட்ஜும் ஒரே டெக்கில் இருந்தால் ஒன்று மற்றதைக் கொல்கிறது என்று பொருள். எது திட்டம், எது மாற்று என்று முடிவு செய்து, மற்றதைச் சைட்போர்டுக்கு (ஆட்டங்களுக்கு இடையே மாற்றிக்கொள்ளும் கூடுதல் கார்டுகளுக்கு) அனுப்புங்கள்.

ஜெயிக்கும் வழி காம்பாட்டுக்கு வெளியே இருக்க வேண்டும். சாண்ட்ரா, டார்ச் ஆஃப் டிஃபயன்ஸ் இதற்குப் பொருந்துவது போல வேறெதுவும் பொருந்தாது: +1 ஒரு கார்டை எக்ஸைல் செய்து ஆட விடுகிறது, ஆடாவிட்டால் 2 அடி. கார்டு கிடைக்கிறது, ஆனால் அது கைக்கு வருவதே இல்லை. லிலியானாவுடன் த ராக் சேர்ந்தால் இரண்டு கைகளும் காலியாகும், எதிராளிக்கு அவர் அப்கீப்தோறும் 3 வரை விழும்.

லேண்டர்ன் கண்ட்ரோல் என்ற டெக் வேறு வழியில் போனது. லேண்டர்ன் ஆஃப் இன்சைட் மேல் கார்டைக் காட்டும், கோடெக்ஸ் ஷ்ரெடர் வேண்டாததைத் தள்ளிவிடும், பிரிட்ஜ் அடியைத் தடுக்கும். எதிராளியைப் பதில் கார்டு எடுக்கவே விடமாட்டார்கள். 2018 பிப்ரவரியில் பில்பாவோவில் நடந்த ப்ரோ டூர் ரைவல்ஸ் ஆஃப் இக்ஸலானை அர்ஜென்டினாவின் லூயிஸ் சல்வாட்டோ இந்த டெக்கால் வென்றார்.

அகாடமி ரூயின்ஸும் பைரைட் ஸ்பெல்பாமும் சேர்ந்த சுழற்சி பிரிட்ஜுக்குள்ளேயே அடங்கும். உங்கள் அப்கீப்பில் ரூயின்ஸால் ஸ்பெல்பாமை டெக்கின் மேலே வையுங்கள், 2 மனா. டிராவில் அது வரும். போட 1, வெடிக்க ஒரு சிவப்பு. ரூயின்ஸைத் தவிர 4 மனா, டர்னுக்கு 2 அடி, கை மறுபடி 0. இருபதிலிருந்து பத்து டர்ன் ஆகும். போட்டியில் ஒரு சுற்றுக்கு 50 நிமிடம்தான், அதன் பிறகு ஐந்து டர்ன். முதல் ஆட்டத்தில் பூட்டு உறுதியானதும் வேகமாக ஆடுங்கள், இல்லையென்றால் ஜெயித்த ஆட்டம் சமனில் முடியும்.

சைட்போர்டிலிருந்து எடுத்தேன், ஒரு பயனும் இல்லை

எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி: எதிராளியின் மிகச் சிறிய அபாயத்தின் பவர் என்ன? அதைவிட ஒன்று குறைவாக உங்கள் கை இருக்க முடியுமா?

லெகசியில் ஸ்னீக் அண்டு ஷோ என்ற டெக்குக்கு எதிராக எம்ரகுல், த ஏயான்ஸ் டார்ன் 15/15. கையில் 14 வரை இருந்தாலும் அது தாக்க முடியாது; தாக்காவிட்டால் அன்னிஹிலேட்டரும் (தாக்கும்போது களத்தில் உள்ள உங்கள் கார்டுகளைப் பலி கேட்கும் திறன்) இல்லை. கிரிசல்பிராண்டு 7/7, கை 6 போதும். டார்க் டெப்த்ஸின் 20/20 மரிட் லேஜுக்குக் கையைப் பற்றிக் கவலையே வேண்டாம். எதிராளி ஷோ அண்டு டெல் ஆடும்போது நீங்களும் கையிலிருந்து ஆர்ட்டிஃபாக்ட் வைக்கலாம் என்பதால் பிரிட்ஜ் இலவசமாகவே இறங்கும். இந்த ஆட்டங்களில் கையைக் காலி செய்யத் துடிக்காதீர்கள். கார்டுகளைப் பிடித்து வையுங்கள்.

டெல்வர் என்ற கிரீச்சர் மறுபக்கம் திரும்பிய பின் 3/2, எனவே கை 2 வேண்டும். ஸ்விஃப்ட்ஸ்பியருக்கு 0. பர்ன் டெக்குக்கு எதிராகப் பாதி வேலைதான் நடக்கும், மீதி நேரடி அடி. தாக்காமல் ஸ்பெல்களை அடுக்கி ஜெயிக்கும் ஸ்டார்ம் டெக்குக்கு எதிராகப் பிரிட்ஜ் வெறும் காகிதம், வெளியே எடுத்துவிடுங்கள்.

ட்ரான் டெக் ஆடுகிறவர்கள் பிரிட்ஜை 60 கார்டு டெக்குக்குள் வைக்கவே தேவையில்லை. சைட்போர்டில் ஒன்று இருந்தால் கார்ன், த கிரேட் கிரியேட்டர் -2 மூலம் எடுத்துத் தருவார். கார்னுக்கு 4, பிரிட்ஜுக்கு 3, மூன்று ட்ரான் லேண்டும் சேர்ந்தால் சரியாக 7 மனா. அந்த டர்னில் கையில் மீதம் எத்தனை கார்டு என்று எண்ணிவிட்டு எடுங்கள். 4 கார்டு மிச்சம் இருந்து எதிரே 2 பவர் ஆட்கள் நின்றால், கார்னைக் கொண்டு வேறு ஆர்ட்டிஃபாக்ட் எடுப்பதே சரி.